கத்திரி வெயிலில் எந்த ஏரிக்குப் போவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கோடைச் சிறப்பிணைப்பில், குடும்பத்தோடு சென்றுவரத்தக்க ஏரிகளைப் பற்றி ஒரு முழுப்பக்கம் வெளியாகியிருந்ததைப் படித்தேன். படங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை மழைக்காலம் முடிந்த கையோடு, நீர் கரையைத் தொட்டு நின்ற மாதங்களில் எடுக்கப்பட்டவை என்பது, அதே ஏரிகளை மே மாதத்தில் நேரில் பார்த்த எவருக்கும் உடனே தெரிந்துவிடும். நான் அரசுப் பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கொடைக்கானல் மலைக்கு ஏறும் வாகனங்கள் கடந்து செல்லும் வத்தலக்குண்டில் குடியிருப்பவன். ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் பள்ளித் தேர்வுகள் முடிந்தவுடன் எங்கள் ஊர் வழியாக மேலே போகிறவர்களின் முகங்களையும், இரண்டு நாள் கழித்துச் சோர்ந்து திரும்புகிறவர்களின் முகங்களையும் பார்த்துப் பார்த்து, இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்ற எண்ணம் பல நாளாகவே இருந்தது.

கோடைக்கு ஓர் ஏரியைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் வழக்கமாகக் கேட்பது எவ்வளவு தூரம், அறை கிடைக்குமா, படகு உண்டா என்பவைதான். அந்த நீர் எதற்காக அங்கே தேக்கப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் நாம் ஏரி என்று சொல்லிச் சுற்றுலாவுக்குப் போகும் நீர்நிலைகளில் மிகப் பல, மனிதர் ஏதோ ஒரு தேவைக்காகக் கரை கட்டித் தேக்கியவை. ஒன்று பாசனத்துக்கு, ஒன்று மின்சாரத்துக்கு, ஒன்று ஒரு நகரத்தின் குடிநீருக்கு, இன்னொன்று வெயில் தாளாமல் மலையேறிய வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்குக்கு. அந்தத் தேவை எதுவோ அதுதான், மே மாதத்தில் அங்கே நமக்குக் காணக் கிடைப்பது நீர்ப்பரப்பா, வெடித்த சேறா என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

சமவெளி ஏரிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தங்கள் பட்டியலில் வேடந்தாங்கலும் வீராணமும் இருந்தன. இரண்டுமே நான் நேசிக்கும் இடங்கள். இரண்டுமே கத்திரி வெயிலுக்கு ஏற்றவை அல்ல. வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வருவது வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்த பிறகு. கார்த்திகை தொடங்கி மாசி வரைக்கும் அங்கே மரங்கள் தெரியாத அளவுக்குக் கூடுகள் இருக்கும், மே மாதத்தில் போகிறவர் காலியான கிளைகளைப் பார்த்துத் திரும்புவார். வீராணம், பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட ஏரி. சோழநாட்டு உழவுக்கென்று தோன்றி, 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் கொடுத்துவருவது. கோடையில் அதன் நீரைச் செலவழிப்பதுதான் அதன் வேலையே. மேட்டூர் அணை திறந்து காவிரி நீர் கீழணை வழியாக வந்து சேரும்போது அந்த நெடுங்கரையில் நின்று பார்க்க வேண்டும். அந்தக் காட்சிக்கு எதுவும் ஈடில்லை. மே மாதத்தில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்த வேண்டிய இடம் அதுவன்று.

இனி மலைக்கு வருகிறேன். கொடைக்கானல் ஏரியை 1863ஆம் ஆண்டில் அமைத்தவர் மதுரை ஆட்சியராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச். ஓடைகள் கூடும் சதுப்பு நிலத்தைக் கரை கட்டித் தடுத்து, ஏறக்குறைய 60 ஏக்கர் பரப்பில் நட்சத்திர வடிவில் நீரைத் தேக்கி, தூத்துக்குடியிலிருந்து படகையும் கொண்டுவந்து விட்டவர். 1890இல் அங்கே படகுக் குழாம் தொடங்கப்பட்டது. ஆகவே ஓய்வுக்கென்றே பிறந்த ஏரி அது. பாசனத்துக்கோ மின்சாரத்துக்கோ இறைத்துக் குறைக்கப்படுவதில்லை என்பதால் மே மாதத்திலும் நிறைந்த முகத்தோடு நிற்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், கீழே நாங்கள் 40 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும்போது, அங்கே பகல் வெப்பம் 20 டிகிரியைச் சுற்றியே நிற்கிறது. மக்கள் அங்கே போக விரும்புவதில் ஒரு பிழையும் இல்லை. நானும் திருமணமான புதிதில் என் மனைவியோடு போன இடம் அது.

ஆனால் 60 ஏக்கர் ஏரி 60 ஏக்கராகத்தான் இருக்கிறது. வருகிறவர்களின் எண்ணிக்கை அப்படி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சென்னையிலிருந்து வந்திருந்த மகள் குடும்பத்தோடு மலைக்குப் புறப்பட்டோம். வழக்கமாக இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடும் பாதையில் அன்று ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பெருமாள்மலையைத் தாண்டிய பிறகு வண்டி நகர்ந்ததைவிட நின்றதே அதிகம். வெள்ளி அருவிக்கு அருகில், குழந்தைகளுக்குக் கழிப்பறை தேடி அலைந்த தாய்மார்களைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. ஒருவழியாக ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது, அடுத்தடுத்து நின்ற வாகனங்களும் கடைகளும் நீரை மறைத்திருந்ததால், ஏழு வயதுப் பேத்தி, "ஏரி எங்கே தாத்தா?" என்று கேட்டாள். அரை மணி நேரம் ஏரியைப் பார்த்தோம். இருட்டுவதற்குள் இறங்க வேண்டுமே என்று திரும்பிவிட்டோம். அந்த அரை மணி நேரத்திலும் என் கண்ணில் பட்டவை, கரையோரம் ஒதுங்கிக் கிடந்த தண்ணீர்ப் புட்டிகளும் நெகிழித் தாள்களும், ஓர் ஓடை வந்து சேரும் முனையில் எழுந்த சாக்கடை நாற்றமும்.

வெள்ளி அருவி என்று நாம் நின்று படம் எடுத்துக்கொள்கிறோமே, அது கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிந்து வரும் நீர்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? மேலே ஏரியில் எது கலக்கிறதோ அது மலையிறங்கிக் கீழேயுள்ள எங்களை நோக்கி வருகிறது. அந்த ஊரில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்ட பிறகும், பாதரச மாசு பற்றிய ஆய்வுகளும் அச்சங்களும் ஓயவில்லை என்பதைத் தங்கள் நாளிதழே பலமுறை எழுதியிருக்கிறது. ஒரு மலை ஏரி எவ்வளவு எளிதில் நோய்ப்படும், எவ்வளவு மெல்லத் தேறும் என்பதை இதைவிட என்ன சொல்லி விளக்க முடியும்?

உதகை ஏரியின் கதை இன்னும் வருத்தமானது. 1820களில் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் காலத்தில் உண்டான அந்த ஏரி, தொடக்கத்தில் இப்போதிருப்பதைவிடப் பெரியது. அதன் பரப்பில் ஒரு பகுதி பின்னாளில் குதிரைப் பந்தய மைதானமாகவும் பேருந்து நிலையமாகவும் மாறிவிட்டது. நகரத்தின் நடுவே வரும் கோடப்பமந்து கால்வாய், ஓடையாக இருந்த நிலை மாறி, கழிவுநீரைச் சுமந்துகொண்டு அந்த ஏரியில் கலக்கிறது. படகில் போகிறவர்கள் கையை நீரில் நனைத்துக்கொண்டே போவதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. தூர்வாருவதற்கும் தூய்மைப்படுத்துவதற்கும் பணிகள் நடந்திருக்கின்றன, நடக்கின்றன, அவற்றைக் குறைசொல்லவில்லை. சாக்கடை வருவது நிற்காதவரை தூர்வாருவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது போலத்தான்.

இவ்விரண்டு மலைகளின் நெருக்கடியைக் கண்டுதான் சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல், வண்டியை இணையத்தில் பதிந்து அனுமதி பெறும் இ-பாஸ் முறையை நடைமுறைப்படுத்தச் செய்தது. அடுத்த ஆண்டு, 2025 ஏப்ரல் முதல் ஜூன் முடிய, நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்களும் வார இறுதியில் 8,000 வாகனங்களும், கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்களும் வார இறுதியில் 6,000 வாகனங்களும் மட்டுமே செல்லலாம் என்று வரம்பு விதித்தது. மலைகளின் தாங்குதிறனை ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் அளிக்கப்பட்டது. வணிகர்கள் இந்த வரம்பை எதிர்த்தார்கள். அவர்களுடைய கவலையை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஏரியைச் சுற்றிக் குதிரை ஓட்டுகிறவர், மிதிவண்டி வாடகைக்கு விடுகிறவர், கேரட்டும் பேரிக்காயும் கூறு கட்டி விற்கிற மூதாட்டி ஆகிய பலருக்கும் இந்த எட்டு வாரங்களில்தான் ஆண்டு முழுமைக்குமான வருவாய். ஆனால் ஏரி கெட்டால் முதலில் பிழைப்பு இழப்பவர்களும் அவர்களே. அதே ஆணையில் அரசுப் பேருந்தில் வருவோருக்கு இ-பாஸ் தேவையில்லை என்று இருப்பதைத்தான் சுற்றுலாப் பக்கங்கள் கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்று நான் கருதுகிறேன். நாலு பேருக்கு ஒரு வண்டி என்று ஏறுவதற்கும் ஐம்பது பேர் ஒரு பேருந்தில் ஏறுவதற்கும் அந்தச் சாலையில் எவ்வளவு வேறுபாடு என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியும்.

நாங்கள் அதைச் செய்து பார்த்தோம். சென்ற கோடையில், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, நானும் மனைவியும் பேத்தியும் அரசுப் பேருந்தில் கொடைக்கானல் சென்று, அங்கிருந்து வேறு பேருந்தில் பூம்பாறை வழியாக மன்னவனூருக்குப் போனோம். கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களைக் கடந்து, மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தின் புல்வெளிகளைத் தாண்டினால் அந்த ஏரி. வனத்துறையின் மேற்பார்வையில் பரிசல் ஓடுகிறது. கரையில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு, காற்று நீரில் வரிவரியாக எழுதுவதை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பேத்தி அன்று ஒருமுறைகூடக் கைப்பேசியைக் கேட்கவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான் பெயரைச் சொல்ல, தாங்கள் அச்சிட, அடுத்த மே மாதத்தில் அங்கேயும் வண்டிகள் வரிசை கட்டினால், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆயினும் பெயர் ஏற்கெனவே பரவிவிட்டது. எப்படிப் போக வேண்டும் என்பதையாவது சேர்த்துச் சொல்லலாமே என்றுதான் எழுதுகிறேன்.

பேரிஜம் ஏரியைப் பற்றித் தங்கள் பக்கத்தில் ஒரே வரியில், படகுச் சவாரி இல்லாதது ஒரு குறை என்று எழுதியிருந்தது. என் மனத்தை மிகவும் உறுத்தியது அந்த வரிதான். கொடைக்கானலிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், மதிகெட்டான் சோலையையும் அமைதிப் பள்ளத்தாக்கையும் கடந்து செல்லும் வனப்பாதையின் முடிவில் உள்ள பேரிஜம், பெரியகுளம் நகரத்துக்குக் குடிநீர் தருவது. அங்கே படகு விடாததும், குளிக்க விடாததும், நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள் என்று எண்ணி வனத்துறை அனுமதி கொடுப்பதும், யானைகள் நடமாடும் நாட்களில் பாதையையே மூடிவிடுவதும் அந்த ஏரியைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. கோடையின் உச்சத்திலும் அங்கே நீர் தெளிந்திருப்பதற்கு இன்னொரு காரணம் அதைச் சுற்றியுள்ள சோலையும் புல்வெளியும். பெய்யும் மழையை உடனே ஓடவிடாமல் உறிஞ்சி வைத்து, மழையில்லாத மாதங்களில் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடுவது சோலைக்காட்டின் இயல்பு. வகுப்பறையில் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியதைவிட, பேரிஜத்தின் கரையில் ஒருமுறை நிற்க வைத்திருந்தால் என் மாணவர்களுக்கு நன்றாகப் புரிந்திருக்கும். அந்த நீர் பெரியகுளத்தில் ஒரு வீட்டுக் குடத்தில் விழப்போகிறது என்று தெரிந்த குழந்தை அதில் எதையும் எறியாது.

மின்சாரத்துக்காகத் தேக்கிய ஏரிகளைப் பற்றியும் ஒரு சொல். பைக்காரா, அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி ஆகிய நீலகிரி நீர்த்தேக்கங்கள் அழகில் எவற்றுக்கும் குறைந்தவை அல்ல. பைக்காராவில் 1932இலேயே நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் இவற்றை நிரப்புவது ஜூன் மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை. மின்தேவை மிகுந்த கோடையில் நீர் எடுக்கப்பட்டு, மே மாதத்தில் அவை தாழ்ந்து நிற்பது இயல்பு. நீருக்கும் மரங்களுக்கும் நடுவே செம்மண் கரை அகலமாகத் தெரியும். படத்தில் பார்த்த ஏரி இதுதானா என்று பலர் ஏமாறுவது இதனால்தான். இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு ஏமாற்றம் இல்லை. தேக்கடியில் இதே தாழ்வு ஒரு நன்மையாகவும் ஆகிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை எழும்பியபோது மூழ்கிய மரங்களின் கட்டைகள் கோடையில் நீருக்கு மேலே நிற்க, காட்டில் வேறு நீர் இல்லாததால் யானைகளும் காட்டெருமைகளும் கரைக்கே வருகின்றன. எங்கள் ஐந்து மாவட்டங்களுக்குச் சோறு போடும் நீர் அது என்ற நன்றியோடு பார்க்கிறவருக்கு அந்தக் காட்சி இரட்டிப்பாகத் தோன்றும்.

தேக்கடி என்றதும் 2009 செப்டம்பர் 30ஆம் நாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் நாம் முழுதாகப் பாடம் கற்றோமா என்பது எனக்கு ஐயமே. ஒரு சிறிய மலை ஏரியில், எந்த ஏரி என்பது இங்கே தேவையில்லை, என் பேத்திக்கு அணிவிக்கக் குழந்தைகளுக்கான உயிர்காப்பு அங்கி கேட்டபோது, பெரியவர்களுக்கான அங்கியையே கொடுத்து, இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். அது அவள் தோளைவிட்டு நழுவிக்கொண்டே இருந்தது. நான் சீட்டுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்காமல் கரையிலேயே நின்றுவிட்டேன். பேத்தி அழுதாள். எனக்குப் பின்னால் நின்ற மூன்று குடும்பங்கள் அதே அங்கிகளோடு தம் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஏற்காடும் ஏலகிரியும் சிறிய ஏரிகள். சேலத்தையும் வேலூரையும் சுற்றி வாழ்பவர்கள் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஏரியும் காடும் சேர்ந்தே ஏற்காடு என்ற பெயராயிற்று என்பார்கள். உதகையின் குளிரை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. மே மாத மலர்க் கண்காட்சி நாட்களைத் தவிர்த்துவிட்டால் மூத்தவர்களுக்கு ஏற்ற இடம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைப் படித்துக்கொண்டே ஏறுவது குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

இவ்வளவும் எழுதியது தங்களிடம் ஒரு வேண்டுகோள் வைப்பதற்காகவே. மேட்டூர், முல்லைப் பெரியாறு, வைகை அணைகளின் நீர்மட்டத்தைத் தாங்கள் நாள்தோறும் ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுகிறீர்கள். உழவர்கள் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஏப்ரல் நடுவிலிருந்து மே முடிய, வாரம் ஒருமுறையேனும், அதே போன்ற ஒரு கட்டத்தைச் சுற்றுலா ஏரிகளுக்கும் அச்சிடுங்கள். நீர் எவ்வளவு நிற்கிறது, அது எந்த ஊரின் குடிநீர் அல்லது எந்தப் பாசனத்துக்கு உரியது, இ-பாஸ் இன்னும் கிடைக்கிறதா, வனப்பாதை திறந்திருக்கிறதா, எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குப் பேருந்து உண்டு, படகுத்துறையில் குழந்தைகளுக்கான உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்பன அதில் இருக்கட்டும். படத்துக்குக் கீழே அது எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்று ஒரு சொல் சேர்ப்பதற்கு இடமும் செலவும் ஆகாது. தங்கள் மாவட்டச் செய்தியாளர்கள் ஒவ்வொரு மலையிலும் இருக்கிறார்கள்; அவர்களால் இதைத் திரட்ட முடியும். எங்கள் வட்டாரத் தகவல்களை வாரந்தோறும் கேட்டு எழுதி அனுப்ப, ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய நாங்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
வத்தலக்குண்டு, திண்டுக்கல் மாவட்டம்.